பணம் போனதும் மெய், வராததும் மெய்!

தேனிப் பக்கம் ஒரு நூற்பு மில் வாசல். இரவு ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். எதிரே தள்ளுவண்டியில் ஓர் அம்மாள் இட்லிக் கடை போட்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்த தொழிலாளி செல்போனை நீட்டி 70 ரூபாய் அனுப்புகிறார். வண்டியில் வைத்திருக்கும் பெட்டி வாய் திறக்கவில்லை.

"அக்கா, என் கணக்குல கழிஞ்சிருச்சு. இந்தா பாருங்க."

"பொட்டி பேசலையேப்பா! எனக்கு வந்து சேரலையே."

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் வார்த்தை தடித்துவிடுகிறது. ஏமாற்றுகிறாயா என்கிறார் அவர். இரண்டு தரம் வாங்கப் பார்க்கிறீர்களா என்கிறார் இவர். போலி ரசீதைக் காட்டி நழுவும் பேர்வழிகளும் நாட்டில் உண்டு என்பதால், அந்த அம்மாள் சந்தேகப்படுவதையும் குறை சொல்வதற்கில்லை. தினமும் முகம் பார்க்கும் இரண்டு உழைப்பாளிகள் எதிரிகளாகிறார்கள். பணத்தை நடுவழியில் நிறுத்தி வைத்த பாங்கியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை!

கம்பத்தில் காய்கறிக் கடை, சின்னமனூரில் வாழை இலை வியாபாரம், போடியில் டீக்கடை, எங்கே போனாலும் இதே வழக்குதான். 70 ரூபாய்தானே என்று சிலர் கேட்கலாம். அன்றைய வசூலில்தான் அந்த அம்மாள் மறுநாளைக்கு உளுந்து வாங்க வேண்டும். இப்படி நாலைந்து பேர் பணம் தங்கிவிட்டால் அன்றைய லாபம் முழுவதும் போச்சு. பெரிய கம்பெனிக்கு அது கணக்கில் ஒரு வரி. இவருக்கு அது அடுப்பு.

2025 மார்ச் மாதத்தில் மட்டும் யுபிஐ மூலம் ஏறத்தாழ 1,830 கோடி தடவை பணம் கைமாறியது. ஆயிரத்தில் ஒன்று தவறியது என்று வைத்துக்கொண்டாலும், ஒரே மாதத்தில் 1 கோடியே 83 லட்சம் தகராறு! அதே மார்ச் 26ஆம் தேதியும், பிறகு ஏப்ரல் 12ஆம் தேதியும் நாடெங்கும் யுபிஐ ஸ்தம்பித்தது. ஏப்ரல் 12 சனிக்கிழமை; பல இடங்களில் கூலி கைக்கு வரும் நாள்.

இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. ரிசர்வ் பாங்கி 2019 செப்டம்பர் 20ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், மறுநாளுக்குள் அது அனுப்பியவருக்குத் திரும்ப வேண்டும். வியாபாரக் கணக்குக்கு அனுப்பிய பணம் என்றால் ஐந்து நாள் கெடு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அதையும் புகார் வரட்டும் என்று காத்திராமல் பாங்கி தானே கொடுக்க வேண்டும்.

நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எந்தப் பாங்கி வாசலில் இதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

இந்த உத்தரவிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பணமும் நஷ்டஈடும் அனுப்பியவருக்கே போய்ச் சேரும். இட்லி கொடுத்துவிட்டுக் கை பிசைந்து நிற்கும் அந்த அம்மாளுக்குப் பாங்கி தரும் ஈடு ஒன்றுமில்லை. தொழிலாளி திரும்பி வந்து கொடுத்தால்தான் அவருக்கு உண்டு. அதாவது, இயந்திரம் கைவிட்ட இடத்தில் வியாபாரத்தைத் தாங்கி நிற்பது ஏழைகளின் நாணயம்!

தராசின் மறு தட்டையும் பாருங்கள். நம் கணக்கில் பணம் குறைந்து கடன் தவணை திரும்பிவிட்டால், பாங்கி ஒரு பக்கமும் கடன் கொடுத்தவன் மறுபக்கமும் அபராதம் பிடிக்கிறார்கள். 2007ஆம் வருஷத்துச் சட்டத்தின் 25வது பிரிவு, அப்படித் திரும்பும் மின்னணுப் பணத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசம் என்கிறது. நாம் தவறினால் ஜெயில் வரை பேச்சு. அவர்கள் தவறினால் நாளுக்கு நூறு ரூபாய், அதுவும் கெடு தாண்டிய பிறகு. இது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே, சண்டை போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பணம் "நிலுவை" என்று காட்டினால் அவசரப்பட்டு மறுபடி அனுப்பாதீர்கள். ரசீதில் உள்ள 12 இலக்க எண்ணைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக் கொடுங்கள். பணம் திரும்பியதும், கடைக்குச் சேர வேண்டியதை முதல் வேலையாகக் கொடுத்துவிடுங்கள். திரும்பாவிட்டால் பாங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

தனியாகப் போனால் "சர்வர் கோளாறு, நாளைக்கு வாங்க" என்பார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு 70 ரூபாய்க்காக யார் அலைவது? அந்தக் கணக்கில்தான் பாங்கிகள் நிம்மதியாக இருக்கின்றன. பத்துப் பேருடைய எண்களை ஒரே தாளில் எழுதி, சங்கத்தின் மூலமாகக் கொண்டு போங்கள்.

நாம் கேட்பவை அதிகமில்லை. உத்தரவு தமிழில் ஒவ்வொரு கிளையிலும் தொங்க வேண்டும். நஷ்டஈடு கேளாமலே கணக்கில் ஏற வேண்டும். சிறு கடைக்காரருக்கும் அதில் பங்கு வேண்டும். யுபிஐ ஸ்தம்பிக்கும் நாளில் எளியவர் கணக்கில் அபராதம் பிடிக்கக் கூடாது.

இட்லிக்கார அம்மாளும் மில் தொழிலாளியும் வாசலில் சண்டை போடும்வரை பாங்கிக்குக் கவலையில்லை. இருவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கிளையின் படி ஏறட்டும். பதில் சொல்ல வேண்டியவர் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார்.