வேகத்துக்கு ஒரு கடிவாளம்

நெய்வேலிக்காரர்களுக்கு வேகக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்த ஊரின் சோறே அதை நம்பித்தான் வேகிறது. அனல்மின் நிலையத்து டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. அதற்காகவே ‘கவர்னர்’ என்ற கருவி இருக்கிறது. வேகம் மிகுந்தால் அது நீராவியைக் குறைக்கும். அதையும் மீறினால் வேறொரு காப்பு நீராவியை அடியோடு நிறுத்திவிடும். 1962-ல் சோவியத் உதவியோடு நெய்வேலியில் மின்சாரம் பிறந்த நாள்முதல் இதுதான் வழக்கம்.

யந்திரசாலைக்குள் இத்தனை ஜாக்கிரதை. வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தால்?

கடலூரிலிருந்து வடலூர், மந்தாரக்குப்பம் வழியாக விருத்தாசலம் போகும் சாலையைப் பாருங்கள். ஷிப்டு முடிந்த தொழிலாளி மோட்டார் சைக்கிளில் வருகிறார். பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வருகிறது. இவர்களை உரசிக்கொண்டு பாரம் ஏற்றிய லாரியும் வருகிறது. அதற்கும் ஒரு கவர்னர் வேண்டாமா?

வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2015 ஏப்ரலில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் 118-ஆம் விதியைத் திருத்தியது. லாரி, பஸ் முதலியவை 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாதபடி கருவி பொருத்த வேண்டும். டிப்பர், டாங்கர், பள்ளிக்கூட பஸ் ஆகியவற்றுக்கு 60.

இருபது கிலோமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நினைக்கலாம். ஒரே பாரமுள்ள லாரி 60-ல் மோதுவதைவிட 80-ல் மோதும்போது ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. 2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்தொருவருக்கு மேல் அதிவேகத்துக்குப் பலியானவர்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு.

“முந்தும்போது இந்தக் கருவி காலை வாரிவிடுகிறதே!” என்பது டிரைவர்களின் குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 75-ல் போகும் லாரியை 80-ல் முந்துவதற்குள் எதிரே பஸ் வந்துவிடும். ஆனால் அதற்குப் பரிகாரம் கருவியைக் கழற்றுவதல்ல. முந்தாமல் பின்னால் போவதுதான்.

என் குறை வேறு. கருவிக்குத் தெரிந்தது ஒரே ஓர் எண். வெட்டவெளி நெடுஞ்சாலையும் பள்ளிக்கூட வாசலும் அதற்கு ஒன்றே. ஐரோப்பிய நாடுகளில் 2024 ஜூலை முதல், புதிதாக விற்கும் ஒவ்வொரு காரிலும் அந்தந்தச் சாலையின் வேக வரம்பை அறிந்து எச்சரிக்கும் சாதனம் இருந்தாக வேண்டும். அங்கும் டிரைவர் நினைத்தால் அதை மீறிப் போகலாம். ஆக, கருவி எத்தனை கெட்டிக்காரத்தனமானதாக இருந்தாலும் மனிதன் விழித்திருக்க வேண்டும்.

அதிலும் எஃப்.சி. பார்க்கும் நாளில் மட்டும் உயிர்பெற்று, மறுநாள் ஒயர் அறுபட்டுக் கிடக்கும் கருவியால் யாருக்கு என்ன லாபம்? டர்பைனை ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் வைத்துக் கண்காணிக்கிறோம். லாரியை எஃப்.சி. நாளில் மட்டும் பார்த்தால் போதுமா? எடைமேடையில் எடை பார்க்கும்போதே கருவியின் சீலையும் பார்க்கட்டும். சீல் உடைந்த வண்டிக்குப் பாரம் இல்லை என்று சொல்லட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வாசலில் நிற்பவருக்கு மனம் இருந்தால் போதும்.

டர்பைன் நின்றுவிட்டால் பழுது பார்த்து மீண்டும் ஓட்டலாம். சாலையில் நின்றுபோன மூச்சை எந்த யந்திரம் மீட்டுத் தரும்?