மெடிக்கல் ஃபெயிலோடு கைகழுவுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களைச் சோதிக்கும் தனியார் மருத்துவப் பரிசோதனை மையங்களைக் கண்டித்தே இதை எழுதுகிறேன். எங்கள் சிவகங்கைச் சீமையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத ஊர் அபூர்வம். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தால் அந்த நாடுகள் வேலைக்கு எடுப்பதில்லை. அது அவர்கள் விதி. ஆனால் இங்குள்ள மையங்கள் 'அன்ஃபிட்' என்று ஒரு தாளை நீட்டுவதோடு கைகழுவிவிடுகின்றனவே, அது எந்த விதி?

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இப்படித்தான் நடந்தது. முடிவு அவனுக்கு முன்னால் ஏஜென்ட்டுக்குப் போய், ஏஜென்ட் வாயிலிருந்து ஊருக்கே போனது. எய்ட்ஸ் மாதிரி ஏதோ என்று பேச்சுக் கிளம்ப, பெற்ற தாயே தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு யார் சொன்னார்கள்? கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலும் தொடுவதாலும் இந்தக் கிருமி ஒட்டாது. ரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். வீட்டில் தனியாக வைக்க வேண்டியவை சவர பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி போன்றவைதான்.

அந்தத் தாளில் உள்ள 'எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்பதற்குக் கிருமி உடலில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அது ஈரலைக் கெடுத்திருக்கிறதா என்பது அதில் தெரியாது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நீங்கிவிடும். பிறந்தபோதே தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உடலிலேயே தங்கிவிடும். இவர்களில் பலருக்கு விசாவுக்கு ரத்தம் கொடுக்கும் நாளில்தான் விஷயம் தெரியவருகிறது. ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. சோதனை, கிருமியின் டி.என்.ஏ. அளவு, ஸ்கேன் எல்லாம் பார்த்துத்தான், மாத்திரை வேண்டுமா, அவ்வப்போது சோதித்து வந்தால் போதுமா என்று மருத்துவர் சொல்ல முடியும். கவனிக்காமல் விட்டால், வலி வேதனை எதுவும் காட்டாமலே சிலருக்கு ஈரல் சுருங்கிப் புற்றுநோய் வரை போய்விடுகிறது.

வழி காட்ட ஆளில்லாததால் அந்த வீட்டார் கீழாநெல்லியைத் தேடிப் போனார்கள். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு கீழாநெல்லி மீது பெரிய நம்பிக்கை தந்தது உண்மைதான். பின்னால் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

இத்தனைக்கும் 2018 ஜூலை 28-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளும் இலவசம். கிருமி இருப்பவரைக் கண்டுபிடிப்பதுதான் இத்திட்டத்துக்குப் பெரும்பாடு. கண்டுபிடித்துக் கையில் வைத்திருக்கும் மையங்களோ அவரைத் தெருவில் விடுகின்றன.

சுகாதாரத் துறை உடனே ஓர் உத்தரவு போட வேண்டும். முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் தனியாக விளக்கி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தராத மையத்தின் உரிமம் ரத்தாக வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 2017-இல் சட்டம் வந்தது. அதே பாதுகாப்பு ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கும் வேண்டும்.

மெடிக்கலில் ஃபெயிலான பிள்ளைகளே, உத்தரவு வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் கூட்டிப் போய்ச் சோதியுங்கள். கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி மூன்று தவணையையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சிவகங்கை மாவட்டம்.