'நோ சிக்னல்' என்றால் போர்டு போச்சு என்று அர்த்தமில்லை!

சாப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர் எடுத்துவிட்டால் சொந்த ஊரில் ஒரு தொல்லை உண்டு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், செட்டாப் பாக்ஸ் ஓடாவிட்டாலும் நமக்குத்தான் போன் வரும். அப்படித்தான் வாலாஜாபேட்டையிலிருந்து என் சித்தப்பா போன் செய்தார். ஆனால் இந்த முறை அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"புரொஜக்டர் போர்டு போயிடுச்சாம்பா. பதினோராயிரம் கேக்கறாங்க. குடுத்துடட்டுமா?"

சித்தப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஹோம் தியேட்டர் புரொஜக்டர், திரை, லேப்டாப் மூன்றும் வாங்கினார். வீட்டில் படம் பார்க்கலாம், முகூர்த்த நாட்களில் வாடகைக்கும் விடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. வீட்டுச் சுவரில் படம் பளிச்சென்று விழுந்தது. ஆனால் முதல் வாடகை நாளில், மண்டபத்தில் மணமக்களின் சிறு வயது போட்டோக்களைக் காட்ட வேண்டிய நேரத்தில் திரையில் வந்தது 'நோ சிக்னல்' என்ற இரண்டே சொற்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் கொண்டுபோய்க் காட்டிய கடையில் பத்து நிமிடம்கூடப் பார்க்காமல், மெயின் போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். 'நோ சிக்னல்' என்று வந்தவுடன் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். அந்தச் செய்தி எது கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. படம் வந்து சேரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. எங்கே நின்றது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியவுடன் படம் ஓடிவிடுவதில்லை. லேப்டாப் புரொஜக்டரிடம், "உன்னால் எந்த அளவுப் படத்தை வாங்க முடியும்?" என்று கேட்கிறது. புரொஜக்டர் ஒரு சிறிய பட்டியலை அனுப்புகிறது. இதற்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். 1994-ல் வந்த இந்த ஏற்பாட்டின் அடிப்படைப் பட்டியல் வெறும் 128 பைட்தான். இதைப் படித்துப் பார்த்து லேப்டாப் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறகே படத்தை அனுப்புகிறது. ஆனால் இருவருக்கும் நடுவில் இருக்கும் கேபிளால் அவ்வளவு சுமையைத் தாங்க முடியுமா என்று இருவருமே கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான்.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் சித்தப்பாவிடம், "மண்டபத்தில் எந்தக் கேபிள் போட்டீங்க?" என்று கேட்டேன். புரொஜக்டருடன் வந்தது ஒன்றரை மீட்டர் கேபிள். அது மண்டபத்துக்கு எட்டாது என்று 15 மீட்டர் கேபிள் ஒன்றை மலிவாக வாங்கியிருந்தார். கடைக்கும் அதையேதான் எடுத்துப் போயிருக்கிறார். சின்னக் கேபிளை மாட்டினேன். படம் வந்துவிட்டது! நீளக் கேபிளை மாட்டினால் மீண்டும் 'நோ சிக்னல்'. ஆனால் அப்போதும் லேப்டாப்பின் டிஸ்பிளே செட்டிங்ஸில் புரொஜக்டரின் பெயர் தெரிந்தது. இது ஒரு நல்ல துப்பு. அதாவது பட்டியல் வந்து சேர்கிறது, படம்தான் போய்ச் சேரவில்லை.

அந்தப் புரொஜக்டர் காட்டுவது 1080பி அளவுதான். ஆனால் 4கே படத்தையும் வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்று பட்டியலில் சொல்கிறது. லேப்டாப் அதை நம்பி 4கே அனுப்புகிறது. 1080பி படத்தில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே படத்தில் 82.9 லட்சம். நொடிக்கு 60 முறை அனுப்பினால், முதலாவதற்குக் கேபிளில் நொடிக்கு ஏறத்தாழ 4.5 ஜிகாபிட் ஓட வேண்டும். இரண்டாவதற்கு ஏறத்தாழ 18 ஜிகாபிட். மலிவான 15 மீட்டர் செம்புக் கேபிள் இதற்குத் தாங்காது. லேப்டாப்பில் ரெசல்யூஷனை 1920 x 1080 என மாற்றினேன். அதே நீளக் கேபிளில் படம் வந்தது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இதில் ஒரு கவனம் தேவை. விண்டோஸில் டெஸ்க்டாப் அளவைக் குறைத்தாலும் சில சமயம் வெளியே 4கே சிக்னலே போய்க்கொண்டிருக்கும். அட்வான்ஸ்டு டிஸ்பிளே பகுதியில் 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கும் 1920 x 1080 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்பிளே அடாப்டர் பிராப்பர்ட்டீஸ் சென்று, 'லிஸ்ட் ஆல் மோட்ஸ்' பட்டியலில் அந்த அளவைத் தேர்ந்தெடுத்திடவும்.

உங்கள் வீட்டில் இதே சிக்கல் வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். புரொஜக்டர் ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி, கேபிள் மாட்டிய துளைதான் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி 'டூப்ளிகேட்' கொடுங்கள். பிறகு சின்னக் கேபிள். பிறகு வேறு துளை. கடைசியாக லேப்டாப்புக்குப் பதில் செட்டாப் பாக்ஸ். இத்தனைக்குப் பிறகும் படம் வராவிட்டால் போர்டைச் சந்தேகப்படலாம்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. உங்கள் போட்டோக்கள் தெரிகின்றன, ஓ.டி.டி. படம் மட்டும் கறுப்பாக வருகிறது என்றால் அது பெரும்பாலும் எச்.டி.சி.பி. என்ற காப்புப் பூட்டு. 'கேடிஎம் வரவில்லை' என்று தியேட்டர்களில் புதுப்படத்தின் காலைக் காட்சி தள்ளிப்போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். புரொஜக்டர் நன்றாக இருக்கும், படமும் சர்வரில் இருக்கும், டிஜிட்டல் சாவி மட்டும் வந்திருக்காது. வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். நடுவில் உள்ள ஸ்பிளிட்டர், கன்வெர்ட்டர்களைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டிப் பாருங்கள். பழைய வி.ஜி.ஏ. கேபிளில் படம் முழுதும் மஞ்சளாகத் தெரிந்தால் நீல நிறத்துக்கான ஊசி வளைந்திருக்கலாம். யு.எஸ்.பி. டைப்-சி துளை எல்லாவற்றிலும் வீடியோ வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு, மறுக்கவில்லை. எர்த் சரியில்லாத இடத்தில் லேப்டாப்பை ஒரு பிளக்கிலும் புரொஜக்டரை வேறொரு பிளக்கிலும் மாட்டி, இரண்டும் ஓடும்போதே கேபிளைச் செருகினால் எச்.டி.எம்.ஐ. துளை எரிந்துபோக வாய்ப்பு உண்டு. எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டையும் மாட்டுங்கள். கேபிளைச் செருகிய பிறகு ஆன் செய்யுங்கள்.

எனக்குக் கோபம் தயாரிப்பாளர்கள் மீதுதான். கேபிள் மாட்டியிருக்கிறதா, மறுமுனையில் ஏதாவது ஓடுகிறதா என்பதைப் புரொஜக்டரால் அறிய முடியும். எச்.டி.எம்.ஐ. கேபிளின் ஒரு கம்பி கொண்டுவரும் 5 வோல்ட் அதைக் காட்டிக்கொடுக்கும். "கேபிள் இருக்கிறது, படம் வரவில்லை, ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள்" என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? எல்லாக் கோளாறுக்கும் 'நோ சிக்னல்' என்றே காட்டுவதால்தான் தெரியாத மனிதர்களின் பணம் வீணாகிறது.

அவர்கள் மாறும்வரை நாம் செய்யக்கூடியது உண்டு. புரொஜக்டர் வாங்கும்போது, நீங்கள் பயன்படுத்தப் போகும் நீளக் கேபிளிலேயே படம் காட்டச் சொல்லுங்கள். ரிப்பேர் கடையில், சின்னக் கேபிளில் வேறொரு கருவியை மாட்டிக் காட்டும்படி கேளுங்கள். எது பழுது என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. இதையெல்லாம் கேட்க இன்ஜினியரிங் படித்திருக்கத் தேவையில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு, மண்டபத்தில் காட்ட முடியாமல் போன போட்டோக்களைச் சித்தப்பா வீட்டுத் திரையில் ஓட்டிப் பார்த்தார். பார்த்து முடித்ததும், நான் சொன்ன வரிசையை ஒரு அட்டையில் தன் கணக்கர் கையெழுத்தில் எழுதிப் புரொஜக்டர் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த நிகழ்ச்சியில் என்னைக் கூப்பிடவில்லை. முடிந்த பிறகுதான் போன் வந்தது. "நானே பாத்துக்கிட்டேன்பா" என்றார்.