சுவருக்குப் போகும் கோடும் நிலத்தில் விழும் கோடும்

கட்டிடக் கலைஞரின் அருவக் கோட்டோவியங்களைத் தரமான தாளில் அச்சிட்டு, எண்ணிட்டு, கையொப்பத்துடன் விற்பது இன்று கலைச்சந்தையில் மதிப்புள்ள தொழில். வழக்கம் பழையதுதான். 18ஆம் நூற்றாண்டு ரோமில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர் பிரனேசியின் பெயரைச் சொல்ல ஒரேயொரு தேவாலயம்தான் நிற்கிறது. அவரை நாம் அறிவது செப்புத்தகட்டில் கீறி அச்சிட்ட கற்பனைச் சிறைகளால். லெ கொர்பூசியே 1955இல் பாரிஸில் வெளியிட்ட கல்லச்சு நூல் 250 பிரதிகள்தான். அதில் வரும் திறந்த கை, அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1985இல் சண்டிகரில் 26 மீட்டர் உயரத்தில் எழுந்தது. காற்றுக்குத் திரும்பும் அந்தத் தகட்டுக்கை யார் வீட்டையும் இடிக்கவில்லை.

எல்லாக் கோடுகளும் அப்படிச் சாதுவானவை அல்ல. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஆரோவில். அதன் முதன்மைக் கட்டிடக் கலைஞர் ரோஜர் ஆன்ஜே (1923-2008) ஓவியர், சிற்பியும்கூட. 1968இல் அவர் முன்வைத்த 'கேலக்ஸி' நகர வடிவம், சுழலும் விண்மீன் கூட்டம். 50,000 பேருக்கான ஊர். தாளில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அந்தச் சுழலின் நடுவே ஓடும் வட்டச்சாலைக்காக 2021 டிசம்பரில் பொக்லைன் வந்து மரங்களைச் சாய்த்தது. வட்டம் வட்டமாகவே அமைய வேண்டும் என்றது ஒரு தரப்பு; மரத்துக்கும் நீரோட்டத்துக்கும் சாலை வளையட்டும் என்றது மறுதரப்பு. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. வழக்கு முடிந்தாலும், கோடு அழகாயிருப்பது நிலத்தின் மீது அதிகாரம் ஆகுமா என்ற கேள்வி முடியவில்லை. ஆகாது என்பதே என் கருத்து.

ஆரோவில் இருக்கும் மேட்டின் வடபகுதி மழைநீர் கழுவெளி என்ற சதுப்புநிலத்துக்கு வருகிறது. கழுவெளி நீர் இடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல் சேர்கிறது. அதையொட்டித்தான் மரக்காணம் உப்பளங்கள். அங்கேயும் மேலிருந்து பார்த்தால் அருவ ஓவியம்தான்: சாம்பல், வெள்ளை, கட்டம் கட்டமாக. ஆனால் ஒரு வரப்பும் அழகுக்காகப் போட்டதல்ல. உவர்நீர் பாத்திக்குப் பாத்தி இறங்கி, வெயிலில் சுண்டி, ஏறத்தாழ 25 டிகிரி அடர்த்தியைத் தொட்டால்தான் உப்பு பூக்கும். நிலம் எங்கே சரிகிறதோ அங்கே வரப்பும் கோணும். மழைக்குக் கரைந்தால், மீண்டும் காலால் மிதித்துப் பாத்தி கட்டுவார்கள். கோடு போட்டவரே அதன் வெக்கையில் நிற்கிறார்.

கட்டிடக் கலைஞரின் கோட்டோவியம் சட்டகத்துக்குள் போகும்போது பல நேரம் முதலில் உதிர்வது ஓரத்துக் குறிப்பு: எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன அளவு, கட்டப்பட்டதா, கைவிடப்பட்டதா. அதோடு விற்றால்தான் அது ஆவணம். இல்லையேல் வரவேற்பறை அலங்காரம். கலைஞர் வாழும்போதே அச்சானதா, வாரிசுகள் போட்டதா என்பதையும் வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும்.

சென்னையில் எம்.ஆர்.எஃப். தலைமையகத்தை வடிவமைத்த சார்லஸ் கொரியா, தம் ஆயிரக்கணக்கான வரைபடங்களை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர்களின் அரச நிறுவனத்துக்குக் கொடுத்தார். தமிழ்நாட்டில் அப்படியொரு பொதுக் காப்பகத்தை அரசு தொடங்க வேண்டும். பிரதி விற்ற பணத்தில் ஒரு பங்கும், ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பிரதியும் அங்கே போகட்டும். ஓரக் குறிப்பு வெட்டப்படாமல்.