பயிற்சி கொடுத்தவரிடம் யார் கேட்பது?

கண்டிக்கு அண்மையில் ஒரு கிராமப் பாடசாலையில் படிப்பிக்கிறவன் நான். பிள்ளைகளின் பெறுபேறு குறைந்தால் வலயக் கல்வி அலுவலகம் எங்களிடம் விளக்கம் கேட்கும். கேட்கத்தான் வேண்டும். ஆனால், சிறிய நாடுகளின் படைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரிய நாடுகளிடம் அதன் பெறுபேறு பற்றிக் கேட்பவர் யார்?

1984 இல் நமது விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சியளிக்க வந்தது கே.எம்.எஸ். என்னும் பிரித்தானியத் தனியார் நிறுவனம். அதில் இருந்தவர்களிற் பலர் எஸ்.ஏ.எஸ். படையின் முன்னாள் வீரர்கள். பிரித்தானிய அரசோ, இது தனியார் வியாபாரம் என்று ஒதுங்கிக்கொண்டது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் அதிரடிப்படையின் நடவடிக்கையின்போது தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். கே.எம்.எஸ். பற்றி லண்டன் பெருநகரப் பொலிஸ் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது 2020 இல். இடையில் 33 ஆண்டுகள்!

கிழக்கில் நடந்தது கிழக்கோடு நின்றதா? 2018 மார்ச்சில் திகனயிலும் அயலூர்களிலும் நம்மவரின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன. காக்க வந்த அதிரடிப்படையினர் சிலரே முஸ்லிம்களைத் தாக்கியதாகக் கண்டவர்கள் கூறினர். ரொய்ட்டர் செய்தி நிறுவனமும் அதை உலகறிய வெளியிட்டது. 1984 இல் கொடுத்த பயிற்சிதான் 2018 இல் நம்மை அடித்தது என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கப்படாத கை, ஒரு வாசலோடு நிற்காது என்றே சொல்கிறேன்.

"படையே வேண்டாமா, மாஸ்டர்?" எனச் சிலர் கேட்பர். 1990 இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகளிடம் பறிகொடுத்த சமூகம் நாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் சிந்திய இரத்தத்தையும் கண்டோம். பாதுகாப்பு வேண்டும். அதனாற்றான் கணக்கும் வேண்டும்.

கேட்டால் பலனில்லை என்பதும் பொய். மனித உரிமை அமைப்புகளும் புலம்பெயர் தமிழரும் விடாது கேட்டதன் பின், இலங்கைப் பொலிஸுக்கான பயிற்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என ஸ்கொட்லாந்துப் பொலிஸ் 2021 இல் அறிவித்தது. அந்தக் குரலில் நம் குரல் எங்கே?

ஜெனீவாவில் மனித உரிமை பேசும் நாடுகளே, நமது படைகளுக்கு நீங்கள் என்ன கற்பித்தீர்கள், யாருக்குக் கற்பித்தீர்கள் என்பதையும் பகிரங்கப்படுத்துங்கள். குற்றஞ்சாட்டப்பட்ட படைப்பிரிவு விசாரிக்கப்படும்வரை பயிற்சியை நிறுத்துங்கள். நமது பாராளுமன்றப் பிரதிநிதிகளே, பாதுகாப்பு ஒப்பந்தங்களைச் சபைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழர் மீது விழும் அடிக்கும் நம்மீது விழும் அடிக்கும் ஒரே குரலில் கணக்குக் கேளுங்கள். தனித்தனியே கேட்டால், இரு பகுதியாருக்கும் பதில் கிடைக்காது.