காய்ச்சல் தணிந்ததென்று மகிழலாமா?



இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் காயக்கட்டுத் துணி எத்தனையோ மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. ஆயினும் காலிற்பட்ட சிறு காயத்தை நம் வீடுகளில் பொருட்படுத்துவோர் சிலரே.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையிலுள்ள ஓர் இல்லத்திற்கு, நோயில்பூசுதல் வழங்குமாறு ஓரிரவு அழைக்கப்பட்டோம். காலில் சீழ்ப்புண், மூன்று நாள் காய்ச்சல். “இப்போது இறங்கிவிட்டது, சாமி” என்றனர். தொட்டுப் பார்த்தோம். கைகால் சில்லிட்டிருந்தன, மூச்சு இரைத்தது, பேச்சு குழறியது, காலை முதல் சிறுநீர் பிரியவில்லை. 108 வண்டிக்குச் சொல்லிவிட்டே திருத்தைலத்தைத் திறந்தோம். இறையருளாலும் மருத்துவர் முயற்சியாலும் அவர் பிழைத்தார்.

கிருமித் தொற்றை எதிர்க்கும் உடல், தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலையைச் ‘செப்சிஸ்’ என்பர். அது முற்றி இரத்த அழுத்தம் வீழ்ந்து, உறுப்புகளுக்குக் குருதி போதாமற்போவதே ‘ஷாக்’. மனத்திற்கு நேரும் அதிர்ச்சியன்று. அப்போது உடல் குளிர்வதும் உண்டு. 2017ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் செப்சிஸ் தொடர்பாக மாண்டதாகக் கணக்கிட்டுள்ளனர்.

ஷாக் கண்டவருக்கு ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்து செலுத்தப்பட வேண்டும். நரம்பு வழியே திரவமும், வேண்டுமாயின் அழுத்தத்தை உயர்த்தும் மருந்தும் தருவர், சீழை அகற்றுவர். மருத்துவமனையில் துணையிருப்போரே, நோயாளிக்குப் புதிதாகத் தடுமாற்றமோ, நிமிடத்திற்கு 22 முறைக்குக் குறையாத மூச்சோ கண்டால், விடியட்டுமென்று இராமல் செவிலியரை எழுப்புங்கள்.

நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நின்றாரில்லை. சாவடிக்கும் கொண்டு சேர்த்தார். நாமும் செபிப்போம், தாமதியோம்.