கோட்டைக்குள்ளே ரூம் போடாதீர்கள்

மாட்டுங்கா, செம்பூர் தமிழ்க் குடும்பங்களின் லீவு லிஸ்டில் இப்போது யாழ்ப்பாணமும் சேர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் ஆரம்பித்தார்கள். நடுவில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான். நானும் குடும்பத்தோடு போய் வந்தேன். எல்லோரும் ஒருமுறை போகத்தான் வேண்டும்.

என் சண்டை போவதைப் பற்றியது அல்ல, எங்கே தங்குகிறோம் என்பதைப் பற்றியது.

போகிறவர்கள் பாதிப் பேர் ஒரே போட்டோவைக் காட்டுகிறார்கள். நாலு பக்கமும் கடல், நடுவில் சின்னதாக ஒரு கல்கோட்டை. "அதுக்குள்ளயே ரூம் சார், படகுல கூட்டிட்டுப் போறான். நானூறு வருஷத்துக் கோட்டை சார்!" என்கிறார் எங்கள் சொசைட்டி நண்பர். யார் சார் ரூம் தருவது என்று கேட்டால், "யாரோ ஒரு ரிசார்ட்" என்கிறார்.

அந்த யாரோ ஒருவர், இலங்கைக் கடற்படை.

இடத்தின் பெயர் ஹமன்ஹீல். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, யாழ்ப்பாணக் கடலுக்குள் நுழையும் வாசலில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டியது. 1658ல் டச்சுக்காரர்கள் முற்றுகையிட்டார்கள். உள்ளே குடிதண்ணீர் தீர்ந்துபோய்த்தான் சரணடைந்தார்கள். இலங்கை வரைபடம் பன்றித்தொடை மாதிரி இருக்கிறது, இந்த இடம் அதன் குதிகால் என்று டச்சுக்காரன் வைத்த பெயர்தான் ஹமன்ஹீல். பிறகு ரொம்ப காலம் அது ஜெயில். 1971 கிளர்ச்சிக்குப் பிறகு ஜே.வி.பி. கைதிகளை அங்கேதான் அடைத்தார்கள். 2009ல் போர் முடிந்த பிறகு அதே ஜெயில் ஹோட்டலாகிவிட்டது.

ஜெயிலை ஹோட்டலாக்குவது தப்பு என்று சொல்லவில்லை. உலகத்தில் எத்தனையோ ஊரில் செய்திருக்கிறார்கள். கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

பக்கத்தில் காரைநகர் கடற்படை முகாம். அதன் பெயர் 'எலாரா'. நம் எல்லாளன்தான்! அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் ராஜாவின் பெயர். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மீனவர்களைப் பிடித்தால் காரைநகருக்குக் கொண்டுபோனார்கள் என்று பேப்பரில் படிக்கிறோமே, அதே காரைநகர். ஒரு ஜெட்டியில் நம் ஊர் மீனவன் கைதியாக இறங்குகிறான். கொஞ்சம் தள்ளி நாம் கெஸ்டாக இறங்கி செல்ஃபி எடுக்கிறோம்.

உடனே சிலர் கேட்பார்கள்: நம் விசைப்படகுகள் இழுவை மடி போட்டு யாழ்ப்பாண மீனவர்களின் பிழைப்பைக் கெடுக்கவில்லையா? கெடுக்கிறார்கள். 2017ல் இலங்கை அந்த மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது நியாயம்தான். அது வேறு வழக்கு. கடலைக் காவல் காக்கட்டும். காவல்காரன் எதற்கு லாட்ஜ் நடத்த வேண்டும்?

நான் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக லோன் ஃபைல் பார்க்கிறவன். அதனால் கணக்காகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பம் வீட்டில் நாலு ரூம் ஒதுக்கி, காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்து நடத்த நினைக்கிறது என்று வையுங்கள். நிலம் வேண்டும், பத்திரம் வேண்டும். பத்திரம் போரில் தொலைந்திருந்தால் எந்த பாங்க்கும் கடன் தராது. தந்தாலும் வட்டி. சமையலுக்கு, துணி துவைக்க ஆள் சம்பளம். கரண்ட் பில். ஒரு சீசன் படுத்தால் தவணை நிற்கும்.

இப்போது கடற்படை ஹோட்டலுக்கு இதே கணக்கைப் போடுங்கள். நிலம் வாங்கினார்களா? பாங்க்கில் நின்றார்களா? சிப்பாய்க்குச் சம்பளம் எந்தக் கணக்கில் போகிறது? தவணை தவறினால் ஏலம் விடுவார்களா? முதல் போடாதவனோடு முதல் போட்டவன் எப்படிப் போட்டி போடுவான்?

இது ஒரு கோட்டையோடு முடியவில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் ராணுவத்தின் 'தல்செவன' ரிசார்ட் இருக்கிறது. அந்த வலிகாமம் வடக்கில்தான் 1990ல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின. நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். முகாமில் வயதாகிச் செத்தவர்கள் உண்டு. சொந்த ஊர்க் கடற்கரையைப் பார்க்க அவர்களால் முடியவில்லை, டூரிஸ்ட் அங்கே நீச்சல் அடிக்கலாம்.

தீவுப்பகுதிக்காரர்களுக்கு நினைவு இன்னும் கசப்பானது. 1985 மே 15ம் தேதி, நெடுந்தீவிலிருந்து கிளம்பிய குமுதினி படகில் குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். செய்தது கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். புலிகள் மட்டும் யோக்கியமா என்பீர்கள். இல்லை. ஆனால் புலிகள் இன்றைக்கு உங்களுக்கு ரூம் போட்டுத் தரவில்லையே!

மும்பைக்காரர்களுக்கு இது புரியாமல் போகக்கூடாது. வர்ளி கோலிவாடாவில் கடலோரம் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. நாளைக்கு அதைப் போலீஸ் எடுத்து ஹோட்டல் நடத்தி, கோலி மீனவர்களை ஓரமாக நில்லுங்கள் என்றால் நாம் என்ன சொல்வோம்? அறுபதுகளில் 'மதராசி' என்று அடித்து விரட்டப் பார்த்தபோது ஓட்டல் கண்ணாடி உடைந்தது யாருக்கு? அதைத் தாத்தா, அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? தாராவியில் இன்றைக்கும், யாருடைய நிலம், யார் தகுதியுள்ளவர், யார் தகுதியில்லாதவர் என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களில் எத்தனை தமிழர்கள்!

அந்த ஜெயிலில் கிடந்த ஜே.வி.பி.யின் தலைவர்தான் 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். தன் கட்சிக்காரர்கள் அடைபட்ட கோட்டையையாவது படையிடமிருந்து வாங்கி ஊர்க்காரர்களிடம் கொடுக்கலாமே? அதை அவர்கள் செய்கிறபோது செய்யட்டும். நம் கையில் இருப்பது நம் பர்ஸ்.

கோட்டையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே ஓடும் மிதவைப் படகை அங்கே 'பாதை' என்கிறார்கள். ஊர் ஜனங்களோடு அதில் ஏறினால் கோட்டை நன்றாகவே தெரியும். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். தங்கியது யாழ்ப்பாணத்தில், ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டு மாடியில். "தம்பி, பிள்ளையளுக்கு இன்னும் ரெண்டு பிட்டு வைக்கட்டே?" என்று அந்த அம்மா கேட்டதை என் பெண் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். நாங்கள் கொடுத்த காசு அந்த வீட்டு உலையில்தான் போய்ச் சேர்ந்தது.

ரூம் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நடத்துவது யார்? நிலம் யாருடையது? காசு எந்தக் கணக்கில் விழுகிறது? வீட்டு லோனுக்குக் கையெழுத்துப் போடும்போது என்னிடம் முப்பது கேள்வி கேட்கிறவர்கள்தானே நீங்கள்! இதற்கு மூன்று கேட்க மாட்டீர்களா?